நட்சத்திர ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோ போனபின் அந்த ஓட்டையை நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி எப்படி அடைத்தது? செய்தது சரியா?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "ஐபிஎல் மாதிரி ஏலம் இல்லாத ஊரில் ஆள் எப்படிப் பிடிக்கிறார்கள்?" நியூஜெர்சியில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். வந்த புதிதில் இந்த ஆட்டத்தைக் கிட்டிப்புள்ளின் பணக்கார அண்ணன் என்று கிண்டல் செய்தவன், இப்போது ஆட்டம் இல்லாத டிசம்பரிலும் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. பையனைத் தூங்க வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தால் போனில் செய்தி: சோட்டோ நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸுக்குப் போகிறார். 15 வருஷம், 76.5 கோடி டாலர். அவன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த, சோட்டோவின் 22-ஆம் நம்பர் யாங்கீஸ் சட்டை நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் இதை எப்படிச் சொல்வது என்று படுக்கையில் ஒத்திகை வேறு பார்த்தேன். அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அங்கயும் 22-தான் போடுவாராப்பா?" என்று கேட்டான், அவ்வளவுதான். (போட்டார். அந்த எண்ணை வைத்திருந்த பிரெட் பேட்டி விட்டுக்கொடுத்ததற்கு ஒரு காரே வாங்கிக் கொடுத்தார்.)

யாங்கீஸ் கஞ்சத்தனத்தால் கோட்டை விட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். அது தப்பு. இவர்கள் சொன்னது 16 வருஷத்துக்கு 76 கோடி. மொத்தத்தில் வித்தியாசம் 50 லட்சம் டாலர்தான். ஆக டிசம்பர் 9 காலையில் யாங்கீஸ் நிலைமை: பெட்டியில் பணம் இருக்கிறது, பந்தியில் ஆள் இல்லை.

ஏலக் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஒரு ஆட்டக்காரர் மேஜர் லீகில் (பேஸ்பாலின் உச்சமட்டப் போட்டி) ஆறு வருஷ சர்வீஸை முடிக்கும்வரை அவர் மேல் உரிமை அணிக்குத்தான். முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம் (2025-இல் 7.6 லட்சம் டாலர்), அடுத்த மூன்று வருஷம் நடுவர் வைத்துச் சம்பளம் தீர்மானிக்கும் கட்டம். ஆறு முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட், யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். அதனால் ஆள் வேண்டுமென்றால் முக்கியமாக இரண்டு வழி: ஃப்ரீ ஏஜென்டுக்குப் பணத்தைக் கொட்டலாம், அல்லது இன்னொரு அணியிடமிருந்து டிரேடில் வாங்கி உன் ஆட்களைக் கொடுக்கலாம். இந்த இரண்டாவது வழியில்தான் உண்மையான விலை ஒளிந்திருக்கிறது. கொடுக்கிற பையனுக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் மலிவாக ஆட வேண்டிய கடமை பாக்கி இருக்கும். அந்த வருஷங்கள்தான் பேஸ்பாலின் நிஜ நாணயம்.

சோட்டோவையே பாருங்கள். 2023 டிசம்பரில் சான் டியேகோ பாட்ரெஸிடமிருந்து அவரை வாங்க யாங்கீஸ் கொடுத்தது ஐந்து பேர்: மைக்கேல் கிங், டுரூ தார்ப், ஜோனி பிரிட்டோ, ராண்டி வாஸ்கஸ், கைல் ஹிகாஷியோகா. கிடைத்தது சோட்டோவின் ஒரே ஒரு வருஷம், கூடவே டிரெண்ட் கிரிஷம் என்று ஒருவர். அந்த ஒரு வருஷத்தில் சோட்டோ 41 ஹோம் ரன் (வேலி தாண்டும் அடி, நம்ம சிக்சர் மாதிரி) அடித்தார், அணி 2009-க்குப் பிறகு முதல் தடவையாக இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. அந்தப் பக்கம் பந்து வீசும் கிங் 13 வெற்றி, 2.95 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன், குறைய குறைய நல்லது) என்று பாட்ரெஸின் தூணாகிவிட்டார். நியாயமான வியாபாரம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்தச் செலவு முன்பே போய்விட்டது, திரும்ப அப்படி ஒரு ஐவரை அள்ளிக் கொடுக்க யாங்கீஸிடம் சரக்கு கம்மி.

இன்னொரு கயிறும் கழுத்தில் இருக்கிறது. சம்பள உச்சவரம்பு என்று எதுவும் கிடையாது, ஆனால் லக்சுரி டேக்ஸ் உண்டு. 2025-இல் அணியின் மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் வரி ஆரம்பம். வருஷா வருஷம் தாண்டுகிற யாங்கீஸ் மாதிரி அணிக்கு, 30.1 கோடிக்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி. அதாவது அந்த உயரத்தில் ஒரு கோடி சம்பளம் பேசினால் கையைவிட்டுப் போவது 2.1 கோடி.

இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு அடுத்த பதிமூன்று நாளைப் பாருங்கள். 10-ஆம் தேதி மேக்ஸ் ஃப்ரீட், 13-ஆம் தேதி டெவின் வில்லியம்ஸ், 17-ஆம் தேதி கோடி பெலிஞ்சர், 21-ஆம் தேதி பால் கோல்ட்ஷ்மிட். இன்னொரு சோட்டோவைத் தேடவே இல்லை, ஏனென்றால் கடையில் இன்னொரு சோட்டோ இல்லை.

ஃப்ரீட் இடதுகைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 8 வருஷம், 21.8 கோடி. எனக்கு அப்போது இன்னொரு பிட்சர் கோர்பின் பர்ன்ஸ்தான் பிடித்திருந்தது, பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் பந்தயம் வேறு கட்டினேன். பர்ன்ஸ் 21 கோடிக்கு அரிசோனா போய், 2025 ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் படுத்துவிட்டார். ஃப்ரீட் 19 வெற்றி, 5 தோல்வி, 2.86 ஈஆர்ஏ. பந்தயத்தில் தோற்றேன். ஆனால் யாங்கீஸ் ஞானதிருஷ்டியால் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லாதீர்கள். பிட்சரின் முழங்கை யாருக்கும் கட்டுப்படாது: தங்களுடைய முதல் பிட்சர் கெரிட் கோலை அதே ஆஃப் சீசனில் பேசித் தக்க வைத்துக்கொண்டார்கள், அவர் மார்ச்சிலேயே அதே அறுவை சிகிச்சைக்குப் போய் சீசன் முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை. ஃப்ரீடை வாங்காமல் இருந்திருந்தால் கதை ஏப்ரலிலேயே முடிந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பெலிஞ்சர் டிரேட். இதில் யாங்கீஸின் சாமர்த்தியத்தில் பாதி, காத்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கைல் டக்கரை விற்பனைக்கு வைத்தது. சிகாகோ கப்ஸ் மூன்று பேரைக் கொடுத்து அவரை 13-ஆம் தேதி வாங்கியது, அதுவும் ஒரே வருஷ உரிமைக்கு. யாங்கீஸ் அந்த விலையைக் கொடுக்கவில்லை. டக்கர் வந்ததும் கப்ஸுக்கு அவுட்ஃபீல்டில் (வேலியோரமாக மூன்று பேர் நிற்கும் பகுதி) கூட்டம், பெலிஞ்சரின் 2.75 கோடி சம்பளம் பாரமாகிவிட்டது. நாலே நாளில் கோடி போட்டீட் என்ற ஒரு பிட்சரை மட்டும் வாங்கிக்கொண்டு, கையில் 50 லட்சம் டாலரும் வைத்து அனுப்பினார்கள். 2019-இல் நேஷனல் லீகின் (மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று) எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர்! யாங்கி ஸ்டேடியத்தில் வலது மூலை வேலி 314 அடிதான். இடதுகை ஆட்டக்காரர் இழுத்து அடித்தால் வேறு மைதானங்களில் கேட்ச் ஆகும் பந்துகள் இங்கே வேலி தாண்டும். பெலிஞ்சர் 29 ஹோம் ரன் அடித்தார். வேடிக்கை என்னவென்றால் அவர் அப்பா கிளே பெலிஞ்சரும் யாங்கீஸில் ஆடியவர்.

தற்காப்பையும் மறக்கக்கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு ஆடிய 2024 வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாம் ஆட்டத்தை நானும் தாத்தாவும் ஒன்றாகத்தான் பார்த்தோம். யாங்கீஸ் 5-0 முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் நேராகக் கைக்கு வந்த பந்தை எங்கள் ஆரன் ஜட்ஜ் தவறவிட்டார், எங்கள் வோல்பி தப்பாக எறிந்தார், டாட்ஜர்ஸின் பெட்ஸ் அடித்த உருளும் பந்துக்குப் பிட்சர் கெரிட் கோல் முதல் பேஸுக்கு (அடித்தவர் முதலில் ஓடிச் சேரும் இடம்) ஓடவே இல்லை. 5-5. கடைசியில் 7-6 என்று டாட்ஜர்ஸிடம் கோப்பை. தாத்தா தொப்பியைக் கழற்றிச் சோபாவில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார், மறுநாள்தான் தொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சோட்டோ அடிப்பதில் கில்லாடி, பிடிப்பதில் சுமார். பெலிஞ்சர் மூன்று அவுட்ஃபீல்டு இடத்திலும் நிற்பார், அவர் வந்ததால் ஜட்ஜ் சென்டரை, அதாவது நடு இடத்தை விட்டுத் தன் பழைய வலது பக்கத்துக்குத் திரும்பினார்.

கோல்ட்ஷ்மிட்டுக்கு ஒரு வருஷம், 1.25 கோடி. 37 வயது. முதல் பேஸில் நிற்க ஒரு ஆள் வேண்டும், கிடைத்தார். இதற்கு மேல் இதில் கதை இல்லை.

இனி என் குறை. வில்லியம்ஸ். மில்வாக்கி புரூவர்ஸின் குளோசர் (கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பிட்சர்), 2024-இல் 1.25 ஈஆர்ஏ. அவருக்காக நெஸ்டர் கோர்டெஸையும் கேலப் டர்பின் என்ற குட்டை உருவப் பையனையும் கொடுத்தார்கள். கோர்டெஸ், வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமனிடம் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நாலு ரன்) வாங்கியவர், அவர் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. டர்பின்தான் உறுத்துகிறது. வில்லியம்ஸ் மேல் உரிமை பாக்கி இருந்தது ஒரே வருஷம், டர்பின் மேல் ஆறு வருஷம். வில்லியம்ஸ் வந்து ஏப்ரல் முடிவதற்குள் குளோசர் வேலையை இழந்தார், சீசன் முடிவில் 4.79. அவரால் நடந்த ஒரே நிரந்தர மாற்றம் தாடி: 1976-இல் அன்றைய உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் கொண்டுவந்த 'தாடி கூடாது' விதியை அவர் மகன் ஹால் 2025 பிப்ரவரியில் தளர்த்தினார், தாடியோடு முதலில் வந்து நின்றவர்களில் ஒருவர் இவர்.

அதே நேரம் யாங்கீஸுக்கு மூன்றாம் பேஸில் ஆளே இல்லை. இரண்டாம் பேஸில் நின்ற கிளேபர் டோரஸ் போனதால், மூன்றாவதில் நின்ற ஜாஸ் சிஸம் அங்கே நகர்ந்தார். அவருக்குப் பதில் மூன்றாவதில் நின்ற ஒஸ்வால்டோ கப்ரேரா மே மாதம் கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஜூலையில்தான் கொலராடோவிடமிருந்து ரையன் மெக்மேனை வாங்கி அடைத்தார்கள். புரூவர்ஸில் மூன்றாம் பேஸில் நின்று, நேஷனல் லீகின் சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தது யார்? டர்பின். அந்த புரூவர்ஸ் 97 ஆட்டம் ஜெயித்தது, அந்த வருஷம் எந்த அணியையும்விட அதிகம்.

சரியா என்று கேட்டால், பெரும்பாலும் சரி. சோட்டோ இருந்த 2024-இல் யாங்கீஸ் எடுத்த ரன் 815, அவர் இல்லாத 2025-இல் 849. ஒரே ஆளிடம் கிடைத்த பலத்தைப் பிரித்துப் பல பேரிடம் வாங்கியது வேலை செய்தது. 94 வெற்றி. அதே டிவிஷனில் (லீகின் உட்பிரிவு) இருக்கும் டொரோண்டோவுக்கும் அதே 94, நேருக்கு நேர் ஆட்டங்களில் அவர்கள் அதிகம் ஜெயித்திருந்ததால் டிவிஷனின் முதலிடம் அவர்களுக்குப் போனது, பிளே ஆஃபிலும் 3-1 என்று அவர்களிடமே தோற்றார்கள். சோட்டோ மெட்ஸில் 43 ஹோம் ரன் அடித்தும் மெட்ஸ் பிளே ஆஃபுக்கே வரவில்லை. இதைத் தாத்தா என்னிடம் வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுகிறார்.

ஒன்று மட்டும் யாரும் திட்டமிட்டதில்லை. கறிவேப்பிலைக் கொசுறு மாதிரி சோட்டோவோடு வந்தாரே டிரெண்ட் கிரிஷம், 2024-இல் அவர் பேட்டிங் சராசரி வெறும் .190, ஹோம் ரன் 9. 2025-இல் 34 அடித்தார். நவம்பரில் யாங்கீஸ் ஒரு வருஷத்துக்கு 2.2 கோடி டாலர் நீட்டியது, அவரும் சரி என்று இருந்துவிட்டார். ஐந்து பேரைக் கொடுத்து வாங்கிய அந்த டிரேடில் யாங்கீஸ் கையில் மிச்சம் இருப்பது அந்தக் கொசுறுதான்.