ஞாயிறு முழுக்க டேங்கர் பக்கத்தில் கிடந்தால் அது லீவா?

கேள்வி: எனக்கு 26 வயது. குறிஞ்சிப்பாடி பக்கம் ஊர். கடலூரில் 14 டேங்கர் வைத்திருக்கும் ஒருவரிடம் நான்கு மாதம் முன்பு டிரைவராகச் சேர்ந்தேன். சிப்காட்டில் ஆசிட் ஏற்றிக்கொண்டு கொச்சிப் பக்கம் ஏலூருக்குப் போவேன். 'மூன்று மாதம் டிரெயினிங்' என்று சொல்லி மாதம் 9,000 ரூபாயும் டிரிப் பேட்டாவும்தான் தந்தார். பெரும்பாலும் சனி இரவு போய்ச் சேருகிறேன். ஞாயிறு அங்கே இறக்க மாட்டார்கள். திங்கள் மதியம் வரை வண்டியோடு கிடக்க வேண்டும், அதற்குப் பேட்டா கிடையாது. 'சும்மா படுத்துத்தானே இருந்தே, அதுதான் உன் வார லீவு' என்கிறார் ஓனர். டீசல் குறைந்தது என்று 4,200 ரூபாய் பிடித்துவிட்டார். வேலையை விட்டால் கடைசிச் சம்பளம் வராது என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: ஓனர் சொன்ன 'சும்மா படுத்திருந்தே' என்ற வார்த்தையிலிருந்தே தொடங்கலாம், வழக்கே அதில்தான் இருக்கிறது.

நீங்கள் ஏற்றுவது ஆசிட். அபாயகரமான சரக்கு ஏற்றிய வண்டி ஓடாமல் நிற்கும்போதும் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும். எந்நேரமும் டிரைவரோ, 18 வயதுக்கு மேற்பட்ட தகுதியான வேறொருவரோ அதைக் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 133. ஓனர் மாற்றாள் அனுப்பவில்லை. அப்படியென்றால் அந்த ஞாயிறு முழுக்கக் காவல் இருந்தது நீங்கள்தான். ஒரே ஆள் ஒரே நாளில் லீவிலும் காவலிலும் இருக்க முடியாது.

அதனால் அந்த நாளை வார விடுமுறைக் கணக்கில் எழுதிக்கொள்ள அவருக்கு வழியில்லை. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. பழைய சட்டம் ஐந்து பேர் வேலை செய்தாலே பொருந்தும். புதியதற்குப் பத்துப் பேர் வேண்டும். 14 வண்டிக்காரர் அதற்குள் வந்துவிடுவார். வாரத்துக்கு ஆறு நாள்தான் வேலை. போக்குவரத்து தடைபடக் கூடாது என்றால் விடுமுறை நாளிலும் கூப்பிடலாம், ஆனால் இடையில் ஒரு முழுநாள் ஓய்வு இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இழந்த விடுமுறையை அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ ஈடுசெய்ய வேண்டும்.

சரி, அந்த முப்பத்தைந்து நாற்பது மணி நேரத்துக்கும் ஓவர்டைம் கேட்கலாமா? இங்கே உங்களுக்கு ஆசை காட்ட நான் தயாராக இல்லை. வண்டி ஓடும் நேரமும் அதைச் சார்ந்த வேலைகளும் வேலைநேரம். ஆனால் முனையத்தில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் அதில் சேரும் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டப்போவது அதைத்தான். 'வெறும் காத்திருப்பு அல்ல, விதி கட்டாயப்படுத்திய காவல்' என்பது நம் வாதம். வலுவான வாதம்தான், இருந்தாலும் இரவில் கேபினில் தூங்கிய நேரத்துக்கெல்லாம் இரட்டைச் சம்பளம் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். சனிக்கிழமை எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்திருந்தால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் கேட்பதில் இந்தச் சிக்கலே கிடையாது.

ஒரு விஷயத்தை விசாரித்துப் பாருங்கள். வண்டி இறக்காமல் நின்றால் சரக்குக் கம்பெனியிடம் நாள் கணக்கில் ஹால்டிங் சார்ஜ் வாங்குவது இந்தத் தொழிலில் சகஜம். உங்கள் ஓனரும் அப்படி பில் போட்டிருந்தால், வண்டி நின்றதற்குக் காசு வாங்கிக்கொண்டு, வண்டியோடு நின்றவனுக்கு ஒன்றுமில்லை என்று அவர் அதிகாரி முன்னால் சொல்லவேண்டி வரும்.

அப்புறம் அந்த டிரெயினிங். அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு எடுத்திருந்தால் வேறு கதை. அது இல்லாமல், லைசென்ஸ் உள்ளவரிடம் தனியாக லோடு வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொன்னால் அவர் முழு ஊழியர். தமிழக அரசு பொது மோட்டார் போக்குவரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் வைத்திருக்கிறது. அகவிலைப்படி ஏப்ரல்தோறும் மாறும். இன்றைய தொகையைத் தொழிலாளர் துறையில் கேட்டு 9,000 ரூபாயோடு ஒப்பிடுங்கள். 'பேட்டாவைச் சேர்த்தால் வந்துவிடுகிறதே' என்பார். வழிச்செலவுக்குத் தரும் பேட்டா பொதுவாகச் சம்பளத்தில் சேராது.

டீசல் பிடித்தம் எனக்கு நேரடியாகவே தப்பாகப் படுகிறது. உங்கள் கவனக்குறைவால் ஏற்பட்ட நஷ்டம் என்று காட்ட வேண்டும், அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்டாரா? வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தந்தாக வேண்டும். கடைசிச் சம்பளத்தைப் பிணையாக வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது.

முதலில் கடலூர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஓனர் தொழிலை நடத்துவது புதுச்சேரி முகவரியில் என்றால் அங்கே போகவேண்டி வரலாம். பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அரசாங்கமே மாறிவிடுகிறதே! கோரிக்கைக்கு மூன்று வருட அவகாசம் உண்டு. பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. சம்பளம் தந்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் ஓனர். ஆனாலும் ஏலூர் கேட்டில் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் தெரியும் சீட்டு, டெலிவரி சலான், டிரிப் ஷீட், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியவை எல்லாவற்றையும் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். வேலையை விட்டபிறகு இவை கைக்கு வராது. வேலைக்கான நியமனக் கடிதம் தந்தாரா என்பதையும் மனுவில் எழுதுங்கள். தர வேண்டியது அவர் கடமை.

கோபத்தில் லோடு வண்டியை ஏலூரில் பூட்டிப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடாதீர்கள், தம்பி. அப்படிச் செய்தால் மேலே சொன்ன விதி 133 உங்கள் மேலேயே திரும்பும். காலி வண்டியைக் கடலூர் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியையும் ராஜினாமா கடிதத்தையும் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்து போட மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.