குளச்சல் பக்கம் பழைய வீடு, வயரிங் மாற்ற எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

அப்பா கட்டின வீட்டுக்கு வயரிங் மாற்ற பட்ஜெட் கேட்டிருக்கிறீர்கள். சதுர அடிக் கணக்கு வேண்டாம், பாயிண்ட் கணக்கில், அதாவது ஒவ்வொரு விளக்கு, ஃபேன், பிளக்குக்கும் இவ்வளவு என்று, எழுதி வாங்குங்கள். சுவர் வெட்டுவதும் பூசுவதும் அதில் சேருமா என்று முதலிலேயே கேளுங்கள், பணம் அங்கேதான் எகிறும்.

முதல் செலவு எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. எங்கள் வீட்டு வெளிச்சுவர் போர்டைக் கழற்றியபோது உப்புக்காற்றில் பித்தளைத் திருகெல்லாம் பச்சை பூத்து, வயர் கையோடு வந்தது. வெளியே நல்ல மூடி உள்ள பெட்டியே வையுங்கள். ஐப்பசி இடி மின்னலில் கரண்ட் திடீரென எகிறினால் சாமான்களைக் காக்க சர்ஜ் புரொடெக்டர் வையுங்கள். ஃபேன்சி விளக்கு அப்புறம், ஆனால் அதற்கு வயர் போகும் பைப்பை இப்போதே போட்டுவிடுங்கள். ஏசி சேர்த்தால் மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கும் (வீட்டுக்கு அனுமதித்த மின் அளவைக் கூட்டுவதற்கும்) பணம் கட்ட வேண்டி வரலாம்.