மயக்கம் தெளியும்போது வாந்தி ஏன்?

கேள்வி: ஆறு வயது மகனுக்குக் கை எலும்பு முறிந்தபோது, அவசர சிகிச்சைப் பிரிவில் கெட்டமைன் என்னும் மயக்க மருந்தை ஊசி வழியே போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். மயக்கம் தெளிகையில் இருமுறை வாந்தி எடுத்தான். விழுவதற்குச் சற்று முன்தான் சாப்பாடு கொடுத்திருந்தேன். என் தவறா? இதைத் தடுக்க முடியுமா?

பதில்: உங்கள் தவறு இல்லை, அம்மா. கெட்டமைன் மருந்துக்கே குமட்டலை உண்டாக்கும் தன்மை உண்டு. அந்த வாந்தி பெரும்பாலும் மயக்கம் தெளிந்துவரும் நேரத்தில்தான் வருகிறது. கனடாவில் 6 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்த ஆய்வில், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதற்கும் வாந்திக்கும் தொடர்பு காணப்படவில்லை. முன்பே நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பட்டினி விதி கட்டாயம்; உடனே செய்தாக வேண்டிய சிகிச்சையை மட்டும், வயிறு காலியாகவில்லை என்பதற்காகத் தள்ளிப்போடுவதில்லை.

தடுப்பதற்கு நன்கு சோதிக்கப்பட்ட வழி, கெட்டமைனுடன் ஒண்டான்செட்ரான் என்னும் வாந்தித் தடுப்பு மருந்தையும் நரம்பு வழியே செலுத்துவதாகும். 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், அதைப் பெறாத குழந்தைகளில் 12.6 சதவீதத்தினர் மருத்துவமனையிலேயே வாந்தி எடுக்க, பெற்றவர்களில் அது 4.7 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, ஏறத்தாழ 13 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்கு வாந்தி தவிர்க்கப்படும். பெரும்பாலான குழந்தைகள் அது இல்லாமலும் வாந்தி எடுப்பதில்லை என்பதால், எல்லாருக்கும் கொடுப்பதா, வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு மட்டுமா என்பதை மருத்துவர்கள் சூழ்நிலை பார்த்தே முடிவு செய்கிறார்கள். பதின்பருவத்தின் தொடக்கத்தில் இருப்போர், தசையில் ஊசி போடப்படுவோர், வலிக்காக முன்கூட்டியே ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற) வகை மருந்து கொடுக்கப்பட்டோர் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு கூடுதல். அவர்களுக்குக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

மறுபடி இப்படி நேர்ந்தால், முன்பு வாந்தி எடுத்ததையும், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் இதயத் துடிப்பின் சீர் கெடும் நோய் இருந்தால் அதைக் கட்டாயம் தெரிவியுங்கள், ஏனெனில் ஒண்டான்செட்ரான் சிலருக்கு அந்தக் கோளாற்றை மிகுவிக்கக்கூடும்.

வீடு திரும்பிய பிறகும் ஒருமுறை வாந்தி வரலாம். முதலில் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்து, அது தங்கிய பின் உணவு கொடுங்கள். உறங்கும்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி ஓயாவிட்டாலோ, எழுப்பியும் குழந்தை சரியாக விழிக்காவிட்டாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.