வலது சினைப்பையில் 6 செ.மீ. கட்டி என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. எல்லாக் கட்டிக்கும் ஆபரேஷன் தேவையா?

நீங்கள் கல்யாணம் ஆகாத பெண், வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள். கத்தி பட்ட வயிறு என்னுடையது, அந்த உரிமையில் சொல்கிறேன்.

தேவையில்லை. மாதாமாதம் முட்டை வளரும் பை வெடிக்காமல் தங்கிப்போனாலோ, வெடித்தபின் மூடிக்கொண்டு நீர் கோத்தாலோ வருகிற கட்டிகள்தான் அதிகம். இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொல்வது அதற்குத்தான், காசு பிடுங்க அல்ல. பிசிஓஎஸ் வேறு கதை. அதில் தெரிபவை முழுதாக வளராத குட்டி முட்டைப் பைகள், கோளாறு ஹார்மோனில். பக்கத்து வீட்டு அக்கா அதற்குச் சாப்பிட்ட மாத்திரையை நீங்கள் விழுங்காதீர்கள். பழைய ரத்தம் தேங்கும் சாக்லேட் கட்டி என்றால் மாதவிலக்கு வலி உயிரை எடுக்கும், அது லேசில் போகாது.

என்னுடையது டெர்மாய்டு என்கிற வகை, தானாக வற்றாதது. அடிவயிற்றில் ஒரு பாரம், அடிக்கடி சிறுநீர், அவ்வளவுதான் தொந்தரவு. 7 செ.மீ. என்று பார்த்து ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்குள் ஒரு மே மாத மதியம் வலது பக்கம் மட்டும் சுருட்டிப் பிடித்தது. ஓயாமல் வாந்தி. பக்கத்து கிளினிக்கில் வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டியும் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை என் முகத்தைப் பார்த்தார். "வாய்வுன்னா ஒரே பக்கமா இப்படிப் புரட்டாது. வண்டிய எடுடா, கீழ போலாம்" என்று மகனை விரட்டினார். எட்டாவது வரை படித்தவர்.

சீசனில் சுற்றுலா வண்டிகளை ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். மலையே எங்கள் ரோட்டில் இறங்கும். வளைவில் காரை நிறுத்தி செல்பி எடுப்பவரிடம் என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டு வழி கேட்டார். 2024 மே மாதம் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தது. வந்து என்ன, பிரசவ வலியில் இருப்பவளும் அதே வரிசையில்தான் நிற்கிறாள். சுற்றுலாவை நம்பித்தான் பாதிப் பேர் பிழைக்கிறோம், தெரியும். ஆம்புலன்சுக்காவது ஒதுங்கக் கூடாதா?

கட்டியின் கனத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருந்தது. கோயம்புத்தூரில் அன்று ராத்திரியே முறுக்கை எடுத்துவிட்டு, கட்டியை மட்டும் உரித்து, சினைப்பையைக் காப்பாற்றினார்கள். எடுத்ததை ஸ்டீல் டிரேயில் வைத்துக் கணவரிடம் காட்டினார்களாம்: மஞ்சளாக உறைந்த கொழுப்பு, அதற்குள் குளியலறைச் சல்லடையில் சிக்குவது போல ஒரு முடிக்கற்றை. ஊரில் செய்வினை என்றார்கள். முட்டையாகும் செல் தோலாக, முடியாக, சிலருக்குப் பல்லாகக்கூட வளர்வதுதான் டெர்மாய்டு; எவரும் வைத்து வராது.

கஷாயத்தில் கரைந்தது என்று சொல்ல இங்கே சிலர் வருவார்கள். அது தானாகக் கரைகிற வகையாக இருந்திருக்கும். முடி எந்தக் கஷாயத்தில் கரையும்?

உங்கள் ரிப்போர்ட்டில் அளவோடு நிற்காதீர்கள். உள்ளே வெறும் நீரா, கெட்டியாக ஏதாவது இருக்கிறதா, என்ன வகை என்று கேளுங்கள். 5 செ.மீ.க்கு மேல் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். ஒரு பக்கம் திடீர் வலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சி.ஏ.125 ரத்தப் பரிசோதனை கூடுதலாக வந்தால் உடனே புற்றுநோய் என்று அழவும் வேண்டாம், சாக்லேட் கட்டியிலும் அது ஏறும். மாதவிலக்கு நின்ற அம்மாவுக்கு இதே ரிப்போர்ட் வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.