கழற்றிய பில்டரில் வளையம் இல்லை

கேள்வி: பயிற்சி விமானங்கள் பராமரிக்கும் இடமொன்றில் பயிலுநராக இருக்கிறேன். செஸ்னா 152 ஒன்றுக்குச் சிலிண்டர் மாற்றியபோது ஒயில் பில்டரும் புதிதாகப் போட்டோம். எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம், கசிவில்லை. பொறியியலாளர் கையெழுத்தும் வைத்துவிட்டார். பிறகுதான் கழிவுத் தட்டில் கிடந்த பழைய பில்டரைக் கவனித்தேன். அதன் றப்பர் வளையத்தைக் காணவில்லை. யாருக்கும் சொல்லாமல் நானே சரிசெய்துவிடலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: வேண்டாம் தம்பி. கொக்பிட்டில் ‘இயக்காதீர்கள்’ என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, அந்தப் பழைய பில்டரையே கொண்டுபோய்க் கையெழுத்திட்டவரிடம் காட்டுங்கள். குறை லொக்புக்கில் ஏறிய பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். ஏச்சு விழும்தான். ஆனால் நீங்கள் இரகசியமாகத் திருத்தினால், அவர் பார்க்காத வேலைக்கு அவருடைய கையெழுத்து நிற்கும்.

அந்த வளையம் பெரும்பாலும் எஞ்சின் பக்கத்து முகத்தில், சூட்டில் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும். வாகனங்களுக்குப் பில்டர் மாற்றும் கராஜ்காரர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது இதற்குத்தான். உலோகத்தில் அமர வேண்டிய புது வளையம் பழைய றப்பரின் மேல் அமர்ந்துவிடும். சில நிமிட ஓட்டத்துக்கு அது தாங்கலாம். பறக்கும்போது பக்கவாட்டில் பிதுங்கினால், உள்ளே இருக்கிற ஆறு குவாட் (ஒரு குவாட் சுமார் ஒரு லீற்றர்) ஒயிலையும் பம்பே வெளியே தள்ளிவிடும்.

‘கசிவில்லை’ என்பதை நம்பவேண்டாம். 1983 மே 5இல் மயாமியிலிருந்து நசாவுக்குப் பறந்த ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் எல்-1011இன் மூன்று எஞ்சின்களிலும், ஒயிலில் வரும் உலோகத் துகள்களைப் பிடிக்கும் சிப் டிடெக்டர்கள், கசிவைத் தடுக்கும் ஓ-வளையம் இல்லாமலே பூட்டப்பட்டிருந்தன. வழமையாக வளையத்தோடு தயாராகக் கைக்கு வருபவை என்பதால் யாரும் பார்க்கவில்லை. கசிவு பார்க்க எஞ்சினைச் சுற்றியதோ சுமார் 10 செக்கன். வானில் ஒயில் வடிந்து மூன்று எஞ்சின்களும் நின்றன. முதலில் நிறுத்திய எஞ்சினை மறுபடி இயக்க முடிந்ததால்தான் 172 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

இனி வேலை. பில்டர் தளராமல் பிடித்திருக்கும் பூட்டுக் கம்பியை வெட்டிப் பில்டரைக் கழற்றியதும் வளையங்களை எண்ணுங்கள்: புதியதும் ஒட்டியிருந்த பழையதுமாக இரண்டு வரவேண்டும். ரோர்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து முகத்தைப் பார்த்து, நகத்தால் ஒரு சுற்றுத் தடவுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் கீறல் விழும், அதுவே அடுத்த கசிவு. கழற்றிய பில்டரைத் திரும்பப் போடாதீர்கள். இன்னொன்று புதிதாக எடுங்கள். வளையத்தில் டிசி-4 என்ற சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசி, பில்டரின் உடலில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, வழமையாக 16–18 அடி-இறாத்தலுக்கு, இறுக்கும் விசையை அளக்கும் ரோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். புதுக் கம்பி இறுகும் பக்கமாக இழுக்கவேண்டும். ஒயில் சூடேறும்வரை ஓட்டி நிறுத்தி, அடிப்பாகத்தை ரோர்ச் அடித்துப் பாருங்கள். பிறகு அளவுகோலைப் பாருங்கள். 4 குவாட்டுக்குக் கீழே பறக்கவே கூடாது.

வளையம் அங்கே இல்லாமல் கழிவுத் தட்டின் அடியிலேயே கிடந்தாலும், திறந்து பார்த்ததை லொக்புக்கில் எழுதி, வேறொருவரைக் கொண்டு பரிசோதித்துக் கையெழுத்து வாங்குங்கள்.