ஒரே செடியின் துண்டுகள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் விலங்கியல் மாணவன். வேரியேஷன் என்ற சொல் என்னைப் படுத்துகிறது. புள்ளியியலில் அது எண்கள் சராசரியிலிருந்து சிதறிக் கிடப்பது. விலங்கியலில் ஒரே இனத்துக்குள் உள்ள வித்தியாசம். படகோட்டும் அப்பாவுக்கு, காம்பஸ் முள் உண்மை வடக்கிலிருந்து விலகி நிற்பது. பாட்டு படிக்கும் தங்கை, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதியையும் அப்படியே சொல்கிறாள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வரையறை வைத்தால் என்ன? அம்மாவிடம் கேட்டால், "கடல்பாசி கட்டுறவகிட்ட வந்து கேக்குறியே" என்று சிரிக்கிறார்.

மாணவர், தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

அப்பா சொல்வது சரி. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1701இல் அட்லாண்டிக் கடலுக்கு அந்த விலகலை வரைபடமாகவே போட்டுவிட்டார். சங்கதியைத் தங்கை பாடிக் காட்டட்டும். நான் அதில் வாய் திறந்தால் ஊர் சிரிக்கும்.

ஆனால் ஒரே வரையறை கேட்கிறீர்களே, விலங்கியல் படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? நீங்கள் தேர்வுக்கு உருப்போடும் விலக்க வர்க்கச் சராசரிக்கு, அதாவது எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவுக்கு, வேரியன்ஸ் என்று பேர் வைத்தவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். வைத்தது 1918இல், பரம்பரைக் குணங்களைப் பற்றிய கட்டுரையில். மனிதர்களின் உயரம் ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, அதில் பரம்பரையின் பங்கு எவ்வளவு, மற்றதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அந்த அளவு தேவைப்பட்டது. புள்ளியியல், விலங்கியல் என்று உங்கள் இரண்டு வாத்தியார்களும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். அதைச் சொல்லித்தராமல் விட்டது அவர்கள் குற்றம். தேடாமல் விட்டது உங்கள் குற்றம்.

அந்த வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய இல்லாமலே போனால் என்ன ஆகும்? கொஞ்ச நாளாக எனக்கு இதே நினைப்புதான். அம்மா கட்டும் பாசியைப் பாருங்கள். கப்பாபைகஸ், வெளிநாட்டிலிருந்து வந்த கடல்பாசி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், 45 நாளில் அறுவடை. அறுத்ததில் நல்ல கிளையாகக் கிள்ளி மறுபடி கயிற்றில் முடிகிறார்கள். விதை இல்லை, வித்து இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய தாய்ச்செடிகளின் துண்டுகள்தான் வருஷக்கணக்காக நம் கரை நெடுக மிதக்கின்றன. மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி அப்படியில்லை. அது யாரும் கயிற்றில் கட்டாமல் கடலில் தானே முளைப்பது.

2013, 14 வாக்கில் கடல் சூடேறியபோது என்ன நடந்தது என்று அம்மாவைக் கேளுங்கள். கிளை வெளுத்து, கொழகொழத்து, தொட்டால் ஒடிந்தது. கொன்றது சூடுதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை தெப்பமும் சேர்ந்தாற்போல் போனதற்கு, எல்லாம் ஒரே உடம்பாக இருந்ததும் ஒரு காரணம் என்பது என் கட்சி. சிதறலே இல்லாத அட்டவணை உங்கள் புள்ளியியல் தாளில் அழகாக இருக்கும். கடலில் அப்படிப் பயிர் வைத்தால் பெண்கள் கூலியில்லாமல் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை தெப்பம் வெளுக்கும்போது, நிறம் மாறாமல் நிற்கும் கொத்து ஏதாவது இருந்தால் அதைத் தனிக் கயிற்றில் கட்டித்தரச் சொல்லுங்கள். அது பிழைத்தது கட்டியிருந்த இடத்தாலா, உடம்பின் குணத்தாலா என்பதை வேறு இடத்தில் ஒரு வெயில் காலம் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.