கண்மாயில லாரி லாரியா மண்ணு விழுது, ரீல் போட்டும் யாரும் அசையல, அடுத்து என்ன பண்றது?

கேள்வி: வணக்கம் அண்ணே, மதுரைக்கு வெளிய எங்க ஊர் கண்மாய்ல கலுங்கு (மிச்சத் தண்ணி வெளியேறுற இடம்) பக்கமா ராத்திரில கட்டட இடிபாடும் மண்ணும் கொட்டி மேடாக்கிட்டு இருக்காய்ங்க. பசங்க சேந்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம், இன்ஸ்டால போட்ட ரீல் நல்லா ஓடுச்சு, கலெக்டரை டேக் பண்ணோம், ஆன்லைன் பெட்டிஷன்ல கையெழுத்தும் வாங்குனோம். ஒன்னும் நடக்கல. இன்டர்நெட்ட வச்சு இத வேற எப்படி செய்யலாம்?

பதில்:

தம்பி, நீங்க செஞ்சதுல எதுவும் வீண் இல்ல, ஆனா கடைசில செய்ய வேண்டியத முதல்ல செஞ்சிருக்கீங்க. ஒரு ஆபீசர் அந்த ரீல பாத்து மனசு வந்து ஏதாவது செய்யணும்னு நெனச்சாக்கூட அவருக்கு புல எண் (சர்வே நம்பர்) வேணும், தேதி வேணும், இது எந்தத் துறை கண்மாய்னு தெரியணும், பதிவு எண்ணோட ஒரு மனு அவர் மேசைல இருக்கணும். அது எதுவுமே ரீல்ல இருக்காது. அதனால இப்போதைக்கு போஸ்ட் போடுறத கொஞ்சம் ஆறப்போட்டுட்டு, அதே போனையும் லேப்டாப்பையும் வச்சு முதல்ல ஒரு கோப்பு தயார் பண்ணுங்க.

முதல் வேலை, இது யாரோட கண்மாய்னு கண்டுபிடிக்கிறது. பொதுவா ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கம்மின்னா ஊராட்சி ஒன்றியம், மாநகராட்சி எல்லைக்குள்ள வந்துட்டா கதை வேற. நிறைய மனு இந்த இடத்துலயே செத்துப்போகுது, அவங்க இவங்களக் கேளுன்னு சொல்ல இவங்க அவங்களக் கேளுன்னு சொல்ல ஆறு மாசம் ஓடிரும். அப்புறம் தமிழ்நாடு அரசோட நிலப்பதிவு சைட்ல அ-பதிவேடு பாருங்க, புறம்போக்கா பட்டாவா, என்ன வகைன்னு அதுல இருக்கும். புல வரைபடமும் எடுத்துக்கோங்க. மண்ணு விழுற இடம் எந்தப் புல எண், எந்த உட்பிரிவுல வருதுன்னு கட்டாயம் பாத்துருங்க, ஏன்னா சில கண்மாய்ல தண்ணி நிக்கிற ஓரத்துல பட்டா நிலமும் இருக்கும், அப்படி இருந்தா நீங்க கேக்க வேண்டிய கேள்வியே மாறிடும். ஊர்ல பழைய ஆயக்கட்டு விவசாயிங்க யாராவது இருந்தா கூட உக்காத்தி வச்சுக்கிட்டு மேப்ப பாருங்க, மடை எங்க இருந்துச்சு, வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வாய்க்கால்) எந்தப் பக்கம் வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியுற அளவுக்கு எந்த சைட்டுக்கும் தெரியாது.

அடுத்தது சாட்டிலைட் படம், இதுலதான் நல்ல எண்ணத்தோட வர்றவங்களே நிறைய பேர் சறுக்குறாங்க. கூகுள் எர்த் புரோ கம்ப்யூட்டர்ல இலவசம், அதுல பழைய வருஷத்துப் படங்கள ஒன்னொன்னா நகத்திப் பாக்கலாம். ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் 2015லேருந்து மேல சுத்துது, இப்ப அஞ்சு நாளைக்கு ஒரு தடவை படம் வருது, கோப்பர்னிக்கஸ் பிரவுசர்ங்கிற சைட்ல கணக்கு தொறந்தா காசு இல்லாம எடுக்கலாம். ஆனா அதோட நுணுக்கம் 10 மீட்டர், அதாவது படத்துல ஒரு புள்ளிங்கிறது தரைல கிட்டத்தட்ட ரெண்டரை சென்ட், லாரியெல்லாம் அதுல தெரியாது, தண்ணிப் பரப்பு சுருங்கறதும் பெரிய மேடு உருவாகறதும்தான் தெரியும். பெரிய தப்பு எங்க நடக்குதுன்னா, ஒரு வருஷம் டிசம்பர்ல நெறஞ்சு கிடந்த படத்தையும் இன்னொரு வருஷம் மே மாசத்துல காஞ்சு கிடந்த படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கண்மாயக் காணோம்னு போடுறாங்க, அதிகாரி கோடை காலம்ங்கன்னு ஒரே வரில முடிச்சுருவாரு, அதோட உங்க மத்த ஆதாரத்துக்கும் மரியாதை போயிரும். எப்பவும் ஒரே மாசத்துப் படங்களயே ஒப்பிடுங்க, வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச டிசம்பர் கடைசி, ஜனவரி சரியா இருக்கும், அந்த வருஷம் மழை எப்படி, வைகைல தண்ணி தொறந்தாங்களாங்கிறதையும் கூடவே ஒரு வரி எழுதி வைங்க. ஒவ்வொரு படத்துலயும் தேதி தெரியணும். இன்னொன்னு, மேப்புல கோடு போட்டு இதான் எல்லைன்னு நீங்க காட்டுறது வழிகாட்டி மட்டும்தான், எல்லைய சர்வேயர் வந்து அளந்தாத்தான் செல்லும், அதனால மனுவுல அளந்து கல் ஊனணும்னே கேளுங்க.

போட்டோ விஷயத்துக்கு வர்றேன். கரைமேல மாறாத அடையாளமா ஒரு மூனு நாலு இடம் முடிவு பண்ணிக்கோங்க, கலுங்கு, மடை, ஏதாவது பெரிய மரம் இந்த மாதிரி, அங்க நின்னு அதே திசையப் பாத்து மாசாமாசம் எடுங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா படம் சுருங்கி, எடுத்த நேரம், இடம்னு உள்ள இருக்குற தகவல் எல்லாம் போயிரும், டாக்குமெண்டா அனுப்புனா அப்படியே இருக்கும். ஒரிஜினல் பைல் எடுத்தவர் போன்லயும் இருக்கணும், வேற ஒரு ஹார்டு டிஸ்க்லயும் இருக்கணும். 2024 ஜூலைலேருந்து நடைமுறைல இருக்குற பாரதிய சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவு இருக்கு, மின்னணு ஆதாரத்த கோர்ட்ல குடுக்கும்போது அதுக்குச் சான்றிதழ் வேணும், அதுல பைலோட ஹாஷ் மதிப்பும் (பைல் மாறலன்னு காட்டுற கைரேகை மாதிரி ஒரு குறியீடு) கேப்பாங்க, ஒரிஜினல் இல்லன்னா அங்க தடுமாறுவீங்க. ராத்திரில லாரிய தொரத்திக்கிட்டுப் போய் படம் எடுக்கவே கூடாது, இத நான் கெஞ்சிக் கேட்டுக்குறேன். தூரத்துல, வெளிச்சம் இருக்குற பாதுகாப்பான இடத்துலேருந்து கிடைக்கிறது போதும். வண்டி நம்பர் தெரிஞ்சா புகார்ல எழுதுங்க, இன்ஸ்டால போடாதீங்க.

இதோட இன்னொன்னும் ஆரம்பிங்க, கண்மாய்க்கு வர்ற பறவைகள இபேர்டு ஆப்ல பதிவு பண்றது. தேதி, இடம், எண்ணிக்கையோட பொதுவுல நிக்கிற பதிவு அது. 2015லேருந்து பொங்கலுக்குப் பொங்கல் தமிழ்நாடு முழுக்க பறவைக் கணக்கெடுப்பு இதுலதான் நடக்குது, உங்க கண்மாயும் அதுல வரட்டும். இதெல்லாம் எதுக்குன்னு தோணலாம், உங்க பக்கத்துலயே அரிட்டாபட்டிங்கிற ஊர் இருக்கே. 193 ஹெக்டேரு, சுமார் 250 வகைப் பறவை, லகுடு வல்லூறுங்கிற வேட்டைப் பறவைலேருந்து தேவாங்கு வரைக்கும் இருக்குன்னு ஆளுங்க பல வருஷம் பாறை பாறையா ஏறி எழுதி வச்ச விவரம் கைல இருந்துச்சு, 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசாணையாவே வந்துச்சு. 2024 நவம்பர்ல அந்தப் பக்கம் டங்ஸ்டன் உலோகச் சுரங்க ஏலம்னு வந்தப்ப ஊர்க்காரங்க கைல அந்தக் காகிதம் இருந்துச்சு, ஊர் ஊரா கிராம சபைத் தீர்மானம் போட்டாங்க, ஆயிரக்கணக்குல மதுரைக்குப் பேரணியா வந்தாங்க, 2025 ஜனவரி 23ல ஏலம் ரத்து. ஜெயிச்சது ஜனங்க கூட்டம்தான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா அந்தக் கூட்டம் வெறுங்கையோட நிக்கல.

கோப்பு கைக்கு வந்ததும் மனு. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல நேர்ல ஒன்னு, முதல்வரின் முகவரிங்கிற அரசு குறைதீர் சைட்ல ஆன்லைன்ல ஒன்னு, ரெண்டுலயும் பதிவு எண் வாங்கிக்கோங்க. நீர்வளத்துறை கண்மாய்னா 2007ல வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தக் குறிப்பிட்டே எழுதுங்க. அப்புறம் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. ஏன் நடவடிக்கை எடுக்கலன்னு கேக்காதீங்க, அதுக்கு பதிலே வராது, நகல் கேளுங்க: இந்தப் புல எண்ணோட அ-பதிவேடு நகல், போன மூனு வருஷத்துல வந்த புகார், அதுமேல போட்ட குறிப்பு, ஆக்கிரமிப்பு நோட்டீஸ் குடுத்திருந்தா அதோட நகல், இப்படி. கட்டணம் 10 ரூபா, 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அடுத்த 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு. தமிழ்நாட்டுக்கு ஆன்லைன் ஆர்டிஐ போர்ட்டல் இருக்கு, உங்க ஆபீஸ் அதுல வரலன்னா பதிவுத் தபால் போதும். இந்த எல்லாத் தேதியையும் ஒரே கூகுள் ஷீட்ல போட்டு, ஒவ்வொன்னுக்கும் ரிமைண்டர் வச்சு, ஒருத்தர் பொறுப்பா பாத்துக்கோங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தனி அமைப்பு) போறதா இருந்தா பிரச்சினை ஆரம்பிச்ச ஆறு மாசத்துக்குள்ள போகணும், மேற்கொண்டு 60 நாள் வரைக்கும் காரணம் சொல்லி கேக்கலாம், இழப்பீடு கேக்காத மனுவுக்கு 1000 ரூபா கட்டணம். லைக் வரட்டும்னு காத்திருந்து இந்தக் காலக்கெடுவ விட்டுட்டு நிக்கிற குரூப்புங்கள நெறய பாக்குறேன், அதனால ஒரு வக்கீல்கிட்ட இப்பவே பேசி வைங்க.

இதுக்கு அப்புறம் ரீல் போடுங்க, நல்லாப் போடுங்க. கொடைக்கானல்ல யூனிலீவரோட தெர்மாமீட்டர் ஆலைப் பாதரசக் கழிவு விஷயத்துல 2015ல ஒரு பாட்டு வீடியோ லட்சக்கணக்கான பேருக்குப் போய்ச் சேந்துச்சு, 2016 மார்ச்ல அந்தத் தெர்மாமீட்டர் ஆலைல வேல பாத்த 591 பேரு விஷயத்துல யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்துச்சு. வீடியோனாலதான்னு பலர் நெனைக்கிறாங்க, ஆனா ஆலை மூடுனது 2001ல, தொழிலாளிங்க ஐகோர்ட்டுக்குப் போனது 2006ல, அத்தன வருஷம் அவங்க சேத்து வச்ச காகிதத்து மேலதான் அந்த வீடியோ நின்னுச்சு. உங்க ரீல்லயும் புல எண், மனுவோட பதிவு எண், எத்தன நாளா பதில் இல்லங்கிறது இந்த மூனும் ஸ்கிரீன்ல வரட்டும். உள்ளூர் நிருபர்களுக்கு லிங்க் மட்டும் அனுப்பாம கோப்பையே அனுப்புங்க, அவங்க எழுதுறதுக்கு அதுதான் வேணும்.

ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. கண்மாய் கரைல குடிசை போட்டு இருக்குற சனங்களும் இருப்பாங்க. ஆக்கிரமிப்ப அகத்துன்னு பொதுவா சத்தம் போட்டா பல இடத்துல முதல்ல வண்டி போறது அவங்க வீட்டுக்குத்தான், மண்ணு கொட்டி பிளாட் போடுறவன் பக்கம் போறதுக்குள்ள உத்தரவே பழசாயிரும். அதனால மனுவுலயும் போஸ்ட்லயும் எந்த இடம், எந்தக் கொட்டல்னு குறிப்பா எழுதுங்க, அவங்க வீட்டப் படம் எடுத்துப் போடாதீங்க, முடிஞ்சா அவங்களையே கூட்டத்துக்குக் கூப்பிடுங்க, ராத்திரி வர்ற வண்டிய முதல்ல பாக்குறது அவங்கதான். லாரி ஓட்டுறவர், மண்ணு தள்ளுற கூலியாள் முகம் தெரிஞ்சா மறைச்சிருங்க. பேரச் சொல்லி இவன்தான் திருடன்னு எழுதுறது அவதூறு வழக்குல கொண்டுபோய் விடும், நடந்தத மட்டும் எழுதுங்க.

குரூப் ஒரே அட்மின் பேர்ல இருக்க வேணாம், மெரட்டல் வந்தா அந்த ஒருத்தர் மேலதான் வரும். எல்லாத்தையும் ஒரே பேஜ்லயும் வச்சுக்காதீங்க. 2020ல மத்திய அரசோட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு (திட்டங்களுக்கு சுற்றுச்சூழல் அனுமதி குடுக்குற விதிகள மாத்துற வரைவு) எதிரா நாடு முழுக்க லட்சக்கணக்குல கருத்து போனப்ப, அந்தப் பிரச்சாரத்துல இருந்த பிரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியாங்கிற இளைஞர் காலநிலை அமைப்போட சைட்டையே முடக்கிட்டாங்க. உங்க கோப்போட ஒரு பிரிண்ட் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒப்புகை வாங்கி குடுத்துருங்க, இன்னொன்னு ஊர் நூலகத்துல இருக்கட்டும். அடுத்த கிராம சபை எப்பன்னு பாருங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இதுல எது முதல்ல வருதோ அதுல கண்மாய அளக்கணும்னு தீர்மானம் கொண்டு வாங்க, அதுக்கு ஆள் திரட்டத்தான் அந்த வாட்ஸ்அப் குரூப்பு ரொம்ப உதவும்.